சின்ன மீன்களின் வம்சம்

மார்ச் 4

பால்காரர் இன்று ஒரு வாளியோடு வந்து, அதை என் மேஜை மேல் டக்கென்று வைத்தார். தண்ணீர் தெறித்து ரசீதுப் புத்தகம் நனைந்துவிட்டது. வாளிக்குள் ஆறு கெண்டை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நம் பண்ணையிலிருந்து குஞ்சாக வாங்கிப்போனவை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குளம் வெட்டித் தீனி போட்டு வளர்த்திருக்கிறார். கையை விரித்து வைத்தால் ஒவ்வொன்றும் அந்த அளவுதான் இருக்கிறது.

அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றை எடுத்து வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். விரலில் முட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, இந்தச் சைஸ்லயே சினை பிடிச்சிருக்கு. நம்ம ரகம் அப்படி."

பால்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நான் முட்டை விக்கலீங்க. மீன் விக்கிறேன்."

அண்ணன் வழக்கமான பாட்டைப் பாடினார். தீனி போதவில்லை, குளத்தில் ஆழமில்லை, நெருக்கிவிட்டீர்கள். பால்காரர் வாளியை எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். இந்த வருஷத்தில் இது நாலாவது புகார். ஒரே புகார்தான், ஆள்தான் வேறு.

மார்ச் 5

கையளவு மீனில் சினை. அதில் பெருமை என்ன இருக்கிறது? ஏன் எனக்கு அது நெருடிக்கொண்டே இருக்கிறது?

மார்ச் 9

இன்று நடுக்குளத்தில் வலை இழுத்தார்கள். எனக்கு அங்கே வேலையில்லை. என் வேலை கணக்கு, ரசீது, குஞ்சுகளைப் பிராணவாயு அடைத்த பைகளில் போட்டுக் கட்டுவது. எட்டு வருஷம் டுடோரியலில் உயிரியல் நடத்தியவள். டுடோரியலை மூடினார்கள், அப்பா போனார், அண்ணன் வா என்றார், வந்தேன். ஆனாலும் இன்று வரப்பில் போய் நின்றேன்.

வலைக்காரர் வலையை ஒடுக்கிக் கொண்டுவந்தார். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அள்ளினார். பெரியது கூடைக்கு. சின்னது குளத்துக்கு. பெரியது, சின்னது, பெரியது, சின்னது. பார்க்கக்கூட இல்லை, கையே எடை பார்த்தது. கூடை வியாபாரியின் வண்டிக்குப் போனது. மீந்தவை குளத்தில்.

மழைக்காலம் வந்தால் தாய் மீன் எங்கிருந்து எடுப்பார்? இந்த மீந்ததிலிருந்துதான். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். விற்காதது தாயாகும்.

எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! உயிர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. வேறுபாட்டில் கொஞ்சம் பிள்ளைகளுக்கும் போகும். எது பிழைத்துப் பிள்ளை பெறுகிறதோ அதன் சாயல் அடுத்த தலைமுறையில் கூடும். இயற்கைத் தேர்வு, ஐந்து மதிப்பெண், படம் வரைந்தால் ஆறு. பெரியதும் பலமானதும்தான் வெல்லும் என்று பிள்ளைகள் எழுதுவார்கள், நான் சிவப்பு மையில் அடிப்பேன். அந்தந்த இடத்தில் எது பிழைக்கிறதோ அதுதான் என்று திருத்துவேன்.

இந்தக் குளத்தில் பிழைக்க ஒரே வழி, சின்னதாக இருப்பது. சின்னதாக இருக்கும்போதே முட்டை போட்டுவிடுவது. வேகமாக வளர்கிற மீன் பிள்ளை பெறும் முன்னால் குழம்பாகிவிடுகிறது. இருபது வருஷமாக எங்கள் வீட்டார் கையாலேயே பொறுக்கிப் பொறுக்கி இந்த மீனைச் செய்திருக்கிறோம்.

அண்ணன் பெருமைப்படுகிற அந்த 'ரகம்' இதுதான்.

மார்ச் 10

சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அண்ணன் முதலில் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, "சின்னக் குளத்துல நெருக்கி வெச்சிருக்கோம், அதுங்களும் சின்னதா இருக்கப் பழகிடுச்சு, நல்ல தண்ணியில விட்டா மறுபடி வளரும்" என்றார். பழகவில்லை அண்ணே, எந்த மீனும் தன்னைச் சுருக்கிக்கொள்ளவில்லை, பெரியவை போய்விடுகின்றன, சின்னவை இருந்து பெறுகின்றன, அவ்வளவுதான் என்றேன். அவருக்கு ஏறவில்லை. எனக்கு வகுப்பறைப் புத்தி. உதாரணம் சொன்னால் புரியும் என்று நினைத்தேன்.

"ஒரு ஊர்ல உயரமானவங்களை எல்லாம் வேலைக்குனு வெளியூர் அனுப்பிட்டா, அங்கயே கிடக்கறவங்களுக்குப் பொறக்கிற பிள்ளைங்க எப்படி இருக்கும்?"

அண்ணன் எழுந்துகொண்டார்.

"அங்கயே கிடக்கறவன் குட்டை. அதானே?"

என்னைவிட நாலு விரல் குட்டை அவர். பத்தொன்பது வயதில் படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு குளத்தில் இறங்கியவர். நான் படிக்கப் போனேன். அவர் கட்டிய பணத்தில். உலகத்தில் வேறு உதாரணமே கிடைக்கவில்லையா எனக்கு?

மார்ச் 16

ஆறு நாளாக என்னோடு பேச்சில்லை. ரசீது வேண்டுமென்றால் வலைக்காரரை அனுப்புகிறார். பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு.

இன்று அண்ணி வந்து என் மேஜையில் சாய்ந்து நின்றார். எங்கள் பண்ணையின் ஃபோன் அண்ணியிடம்தான் இருக்கிறது. வாங்குகிறவர்களின் கொஞ்சலும் திட்டும் அவர் காதுக்குத்தான். "என்ன சொன்னே அவர்கிட்ட? சோத்துல கைய வெக்கிறாரு, எழுந்து போறாரு" என்றார். நடந்ததைச் சொன்னேன். அண்ணி சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மீனைப் பற்றி நான் சொன்னது நிஜம்தானா என்று கேட்டார். நிஜம் என்றேன். உனக்கு என்ன வேண்டும் என்றார். ஒரு குளம் வேண்டும், பெரிய மீன்களை விற்காமல் அதில் விட்டு வளர்க்க வேண்டும் என்றேன்.

"கேட்டுப் பாக்கறேன். நீ மட்டும் வாயத் திறக்காதே."

மார்ச் 19

கடைசிக் குளம் கிடைத்தது. மதில் ஓரம், பாசி பிடித்தது, யாருக்கும் வேண்டாதது. இருந்தாலும் கிடைத்தது.

ஏப்ரல் 2

மூன்று குளத்திலும் வலை போட்டு, இருப்பதில் பெரிய அறுபது மீனைப் பொறுக்கிக் கடைசிக் குளத்தில் விட்டேன். பள்ளிக்கூட ஸ்கேலை மரப்பலகையில் ஆணி அடித்து வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். அண்ணன் தூரத்திலிருந்து பார்த்தார். "சட்டைக்கு அளவு எடுக்கறியா?" என்றார் வலைக்காரர். அண்ணன் சிரிக்கிற சத்தம் கேட்டது. போகட்டும். சிரிக்கவாவது செய்தாரே.

ஏப்ரல் 21

கடைசிக் குளம் தெளிந்துவிட்டது. மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, வரப்பில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

மே 17

என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம், ஆபரேஷன் என்று தேதி கொடுத்துவிட்டார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம். தீனி போடும் பொறுப்பை வலைக்காரரிடம் ஒப்படைத்தேன். மூன்று தடவை சொன்னேன். "மீனுக்கு நான் சோறு போடறது இன்னிக்கா நேத்தா" என்று கோபித்துக்கொண்டார்.

மே 28

குளம் காலி.

ஒரு மீன் இல்லை. ஒண்ணு கூட இல்லை. வித்துட்டான்.

மே 28, சாயங்காலம்

திரும்ப எழுதுகிறேன்.

ஏதோ ஹோட்டலில் விருந்தாம். ஒரே அளவில் பெரிய மீனாக நாளைக்கே வேண்டும் என்று கேட்டார்களாம். நான் போய் நின்றபோது அண்ணன் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "பெரிய மீன் கேட்டாங்க. வேற எங்க இருக்கு?" என்றார்.

அதுதானே அண்ணே நான் சொன்னது? வேற எங்கயும் இல்ல, அதுக்குத்தானே அங்க விட்டது? கத்தினேன். வாய்க்கு வந்தபடி கத்தினேன். அப்பாவை இழுத்தேன், அவர் படிப்பை இழுத்தேன். அண்ணி வந்து கையைப் பிடித்தார். உதறிவிட்டு வந்துவிட்டேன்.

மேலே 'வித்துட்டான்' என்று எழுதியிருக்கிறேன். பிறந்ததிலிருந்து அவரை அப்படிச் சொன்னதில்லை. அடித்துத் திருத்தப் போவதில்லை. இருக்கட்டும்.

ஜூன் 3

போகவில்லை.

ஜூன் 11

பண்ணைக்குப் போகவில்லை. கணக்கு அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளட்டும். யாரும் வரவில்லை.

இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கிறார். சிரித்தால் தையல் இழுக்கும், அதனால் சிரிக்காமலே கிண்டல் செய்கிறார். "மீன் விக்கிற மனுஷன் மீன வித்துட்டாருனு கோவிச்சுக்கிட்டு வந்தவ உலகத்துலயே நீ ஒருத்திதான்." இதில் கிண்டல் என்ன இருக்கிறது? அதுதான் உண்மை. மீன் பண்ணையில் மீனை விற்காதே என்று சொல்கிறவள் பைத்தியம் மாதிரிதான் தெரிவாள்.

ஜூன் 30

அண்ணி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வண்டி நிக்குது. வா." என்ன என்றேன். "வந்து பாரு. நான் சொன்னா அழுதுடுவேன்."

இந்த மழைக்கு முதல் தடவை பொரித்த குஞ்சுகள். தொட்டியில் தண்ணீரே கறுத்துத் தெரியுமளவு கூட்டம். ஒரு கிண்ணத்தில் அள்ளி வெளிச்சத்தில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். நாலில் ஒன்று நேராக நீந்தவில்லை. முதுகு கேள்விக்குறி மாதிரி வளைந்திருந்தது. சிலவற்றுக்குச் செவுளுக்கு மூடி இல்லை, சிவப்பாகத் திறந்து கிடந்தது. தொட்டியின் அடியில் செத்தவை வெள்ளையாகப் படிந்திருந்தன.

அண்ணன் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையாம். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. முகம் கறுத்துப்போயிருந்தது.

எத்தனை தாய் என்று வலைக்காரரிடம் கேட்டேன். அவர் தயங்கிவிட்டு, மூன்று என்றார். ஒரு பெண் மீன் லட்சக்கணக்கில் முட்டை விடும்போது மூன்று எதற்கும் போதும். மீந்ததிலிருந்து எடுத்த அதே மூன்று, நாலு வருஷமாக. நல்ல பிள்ளைகள், ஹார்மோன் ஊசி போட்டால் மறுநாள் காலையில் முட்டை விட்டுவிடும் என்பதால் மற்றவற்றைத் தொடுவதே இல்லை. ஆண்கள்? "அதுங்களோட பிள்ளைங்கதான். வேற யாரு இருக்கா இங்க?"

வேற யாரு இருக்கா.

ஜூலை 1

நேற்று புரிந்ததை எழுதிவைக்க வேண்டும். என் கோபத்தில் பாதி வீண்.

ஒவ்வொரு மரபணுவும் மீனுக்கு இரட்டையாக வருகிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. கெட்டது ஒன்று வந்தாலும் பக்கத்திலிருக்கும் நல்லது பல சமயம் அதை மறைத்துவிடும், மீன் நேராகத்தான் நீந்தும். அந்த மீனுக்கு வெளியிலிருந்து ஜோடி வந்தால் மறைந்தது மறைந்தபடியே போகும். ஒரே வீட்டில் ஜோடி சேர்ந்தால் இரண்டு பக்கத்திலும் அதே கெட்டது இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட இரண்டு மீன் சேரும்போது நாலு பிள்ளையில் ஒன்றுக்கு இரண்டும் கெட்டதாக விழும். முதுகு வளையும். இதைப் பட்டாணிச் செடி வைத்து எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பேன்.

சரி, என் அறுபது மீன்? பெரியது, பெரியது என்று அளந்து அளந்து விட்டேனே, அவையும் அதே மூன்று பேர் பிள்ளைகள்தான். ஒரு வீட்டுப் பிள்ளைகளில் உயரமானதைப் பொறுக்கியிருக்கிறேன். அண்ணன் விற்காமல் இருந்திருந்தாலும் இதே வளைந்த முதுகு என் குளத்திலும் வந்திருக்கும். தேர்ந்தெடுப்பதற்கு முதலில் வித்தியாசம் இருக்க வேண்டும். இந்தக் குளங்களில் அது வற்றிப்போய்விட்டது. நான் தேர்வை மட்டும் பார்த்தேன். எதிலிருந்து தேர்வு என்று பார்க்கவில்லை.

கத்தினேனே அவரிடம். அப்பாவை வேறு இழுத்தேன்.

ஜூலை 4

வெளியிலிருந்து மீன் வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். பண்ணையில் வளர்த்தது வேண்டாம், மற்ற பண்ணைக்காரர்களும் நம்மிடம் வாங்கிப் பெருக்கியவர்கள்தான். ஆற்று மீன் வேண்டும்.

கேட்டதும் எழுந்துவிட்டார். "அப்பாவோட ரகம் இது. அதுல கண்டதையும் கலக்கச் சொல்றியா?" அப்பாவும் முதல் வருஷம் ஆற்றிலிருந்துதானே கொண்டுவந்தார் என்றேன். அது வேற என்றார். என்ன வேற? போய் மறுபடியும் தண்ணீரைச் சோதிக்க ஆரம்பித்துவிட்டார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் மட்டும், "ஆறு எவ்வளவு தூரம்?" என்றார்.

ஜூலை 8

அண்ணியும் நானும் பண்ணை வண்டியில் போனோம். ஓட்டியது அண்ணி. அண்ணனிடம் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. ஃபோனை அவர் கையில குடுத்துட்டு வந்தேன். ஒரு நாள் அவரும் திட்டு வாங்கட்டும்."

ஆற்றோரத்தில் வலை போடுகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். உயிரோடு வேண்டும் என்றால் யாருக்கும் புரியவில்லை. கேட்ட விலைக்கு வாங்கினோம். ஆனால் எவ்வளவு பெரிய மீன்! ஒன்று என் முழங்கை நீளம். ஒன்று நீண்டு ஒல்லியாக, ஒன்று மேடு தட்டிய முதுகோடு, செதிலில் பொன்னும் கறுப்புமாக. எங்கள் குளத்து மீன்களை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இவற்றில் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. முப்பது சொச்சம் ஏற்றினோம்.

வழியில் மீன் தொட்டிக்குக் காற்று அடிக்கும் மோட்டார் நின்றுவிட்டது. ஓரம் கட்டி, இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொம்பால் தண்ணீரை மொண்டு ஊற்றினோம், காற்று ஏறட்டும் என்று. கை மரத்துப்போனது. மீன்கள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. அண்ணி நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். "பொணவண்டி ஓட்டிக்கிட்டு வர்றேன்" என்று ஒரு தடவை மட்டும் சொன்னார்.

பதினோரு மீன் உயிரோடு வந்தது.

ஜூலை 9

பத்து.

ஜூலை 23

நேற்று இரண்டு பெண் மீனுக்கு ஊசி போட்டேன். பண்ணை மீனுக்குப் போடுகிற அதே அளவு, எடைக்குத் தகுந்தபடி. இன்று காலையில் ஒரு முட்டை இல்லை. இரவெல்லாம் தொட்டிச் சுவரில் முட்டி மோதியிருக்கின்றன, தண்ணீரில் செதில் மிதக்கிறது. ஒன்று செத்துவிட்டது. என் கையால் செத்தது.

பருவம் இன்னும் கொஞ்ச நாள்தான். அதற்குள் ஒரு தடவையாவது முட்டை எடுக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு. வளைந்த குஞ்சு விற்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு ஆகிவிட்டது. அண்ணியின் ஃபோன் இப்போது அடிப்பதே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஒன்பது மீன். அதில் பெண் மூன்று.

ஆகஸ்ட் 2

ஆற்று மீன்களை விட்டிருக்கும் கடைசிக் குளத்து வரப்பில் இன்று காலையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எனக்கு முன்னால் வந்திருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வலைக்காரருக்குக் கண்ணைக் காட்டினார், வலை இறங்கியது.

முதல் பெண் மீனைத் தண்ணீருக்குள்ளேயே கையில் ஏந்தினார். வயிற்றை அமுக்கவில்லை, விரலை அடியில் ஓடவிட்டார். "ஆகல." விட்டார். அடுத்தது. "இது ஆகும்." மூன்றாவது. ரொம்ப நேரம் வைத்திருந்தார். "ஆகும். ஆனா பயந்துபோய் இருக்கு. ஆத்துல ஓடின மீனு, தொட்டியில போட்டா என்னனு நினைக்கும்?" ஈரச் சாக்கால் தொட்டி முழுவதையும் மூடச் சொன்னார். தண்ணீரை ஓடவிடச் சொன்னார். ஊசியை என் கையிலிருந்து வாங்கி, நான் போட்ட அளவில் பாதியை முதலில் போட்டுவிட்டு, மீதியைச் சில மணி நேரம் கழித்துத் தானே வந்து போட்டார்.

நம் பண்ணைப் பெண் மீன்கள் எல்லாவற்றுக்கும் ஆற்று ஆண்களையே விட வேண்டும், வழக்கமான மூன்றோடு நிறுத்தாமல் எத்தனை முடியுமோ அத்தனைக்கும் என்று சொன்னேன். ம் என்றார்.

ஆகஸ்ட் 3

முட்டை! இரண்டு ஆற்று மீனும் விட்டுவிட்டன. பண்ணை மீன் பதினான்கும்.

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டே, "அந்த மே மாசம்..." என்று ஆரம்பித்தார். நான் முட்டை போட்டு வைத்த ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முடிக்கவில்லை. நானும் அந்த அறுபது மீனைப் பற்றி எனக்குப் பிறகு தெரிந்ததைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 14

உருப்பெருக்கியில் பார்த்தேன். அள்ளிய ஒவ்வொரு கிண்ணத்திலும் வளைந்தது ஒன்றோ இரண்டோதான். பல கிண்ணங்களில் அதுவும் இல்லை. அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எல்லாம் நேராத்தான் போகுது" என்று சொல்லிவிட்டு உடனே ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பழைய ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், ஒவ்வொருவராக.

அக்டோபர் 19

புகார். மறுபடியும் புகார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அண்ணி எப்படியோ பேசிப் பால்காரரை மறுபடியும் வாங்க வைத்திருந்தார். இன்று வந்தார், இந்தத் தடவை வாளியில்லாமல். குஞ்சு ஒரே அளவாக இல்லையாம். ஒன்று விரல் நீளம், ஒன்று அதில் பாதி, தீனியை எந்த அளவில் போடுவது, கலப்படக் குஞ்சு கொடுத்துவிட்டீர்கள் என்கிறார். முன்னெல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்குமே என்கிறார்!

ஒன்றுபோல இருந்ததுதான் நோய் என்று இவருக்கு எப்படிச் சொல்வது? அரை மணி நேரம் சொன்னேன். வித்தியாசம் இருந்தால்தான் நல்லதைப் பொறுக்க முடியும் என்றேன். "பொறுக்கறதுக்கு நான் என்ன அரிசியா வாங்கினேன்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிப்ரவரி 22

ஆற்றுக் கலப்புக் குஞ்சுகளைப் பற்றி நல்ல பேச்சு வர ஆரம்பித்திருக்கிறது. பால்காரரின் குளத்தில் பெரும்பாலானவை முன்னால் எந்த வருஷமும் பார்க்காத அளவுக்கு வளர்ந்திருக்கின்றனவாம். அவரே தன் மச்சானை அழைத்துக்கொண்டு வந்தார்.

மச்சான் காரணம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "ஆத்து மீனுக்கு ரோஷம் அதிகம். எதிர்நீச்சல் போட்டுப் போட்டு உடம்பு வளத்துடுச்சு. அந்தப் பழக்கம் பிள்ளைங்களுக்கும் வந்துடுது." அவர்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள்.

ரோஷமாம்! இந்தக் குஞ்சுகள் எந்த ஆற்றில் எதிர்நீச்சல் போட்டன? பழக்கம் முட்டைக்குள் எப்படிப் போகும்? ஒரு வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியும் மனுஷன் அதே இடத்தில்தான் நிற்கிறார். வீட்டுக்கு வந்து இவரிடம் பொருமினேன். "குஞ்சு வித்துச்சா இல்லையா?" என்றார். விற்றது. "அப்புறம் என்ன?" அப்புறம் என்ன என்றால், அப்புறம் நிறைய இருக்கிறது. அண்ணன் காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால் நாளைக்கு மறுபடி தப்பாகத்தான் செய்வார். நான் எத்தனை நாள் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பேன்?

மே 9

காலையில் கொஞ்சம் தாமதமாகப் போனேன். ஆற்றுக் கலப்புக் குஞ்சுகளில் ஒரு பங்கை விட்டு வளர்த்த நடுக்குளத்தில் ஏற்கெனவே வலை விழுந்திருந்தது. செருப்போடு வரப்பில் ஓடினேன்.

வரப்பில் வியாபாரியின் கூடைகள் நிரம்பியிருந்தன. எட்டிப் பார்த்தேன். நடுத்தர மீன், சின்ன மீன். வியாபாரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். பக்கத்தில் ஒரு தனி வலைத்தொட்டி கட்டி, அதில் பெரிய மீன்களாகப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. என்னைப் பார்த்துவிட்டு, "இதுங்க கடைசிக் குளத்துக்கு" என்றார். "ரெண்டு வருஷம் கிடக்கட்டும்."

நான் குனிந்து எண்ணினேன். பன்னிரண்டு. எல்லாம் மேடு தட்டிய முதுகு. அப்படி முதுகோடு வந்த அந்த ஒரே ஆற்று மீனின் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும். மறுபடியும் ஒரு வீடு.

சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். இவ்வளவு தூரம் வந்தவரை. பிறகு சொன்னேன்.

"பன்னிரண்டு போதாதுண்ணே. எல்லாம் ஒரே ஜாடையா இருக்கு."

அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். வலைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கையிலிருந்த தூக்குவலையை வரப்புக்கு நீட்டினார்.

"ஆரம்பிச்சுட்டா. இந்தா, நீயே எடு."

சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். சேறு முழங்கால் வரை இழுத்தது. நீளமானது, கறுப்பு ஓடியது, பொன் செதில், பெரியதோடு, வேறு ஜாடைக்காக அவ்வளவு பெரியதல்லாததும் நாலு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அவ்வளவு பெரியதல்லாததை எடுத்தபோது அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். பிறகு வலைத்தொட்டியின் வாயை அகலமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.